கைப்பிடி இல்லாத வீடு

என் வீட்டுச் சமையலறையில் ஒரு அலமாரிக்குக்கூடக் கைப்பிடி கிடையாது. திறக்க வேண்டுமென்றால் கதவை விரலால் உள்ளே அழுத்த வேண்டும். அது கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே வரும். வெளியே வர வேண்டியதை உள்ளே தள்ளச் சொல்கிற புத்தி எவனுக்கு வந்ததோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன். தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அவன் என் வயிற்றில்தான் பிறந்தான்.

என் மகனுக்கு வீடுகளைப் புதுப்பிக்கிற தொழில். பழைய சமையலறையையும் குளியலறையையும் உடைத்துவிட்டு, பத்திரிகைப் படத்தில் வருகிற மாதிரி மாற்றிக் கொடுப்பான். சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டைக் கண்டால் ஆகாது. "ஊர் வீட்டையெல்லாம் மாத்தறேன், எங்க அப்பா அம்மா வீடு மட்டும் இப்படியே கிடக்குன்னு சொன்னா என்னை எவன் நம்புவான்?" என்று வரும்போதெல்லாம் புலம்புவான். கடைசியில் எங்கள் இருவரையும் என் தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு அனுப்பிவிட்டான். வேலை முடியும்வரை எட்டிப் பார்க்கக்கூடாது என்று கட்டளை வேறு. ஒழுகுகிற குழாயை மாற்றி, சுவருக்கு வண்ணம் அடித்து வைப்பான் என்று நானும் வாயை மூடிக்கொண்டு போனேன். நான் வாயை மூடுகிற நேரமெல்லாம் இப்படித்தான் ஏதாவது விபரீதம் நடக்கும்.

திரும்பி வந்து பார்த்தால் சமையலறைக்குச் சுவரே இல்லை. கூடத்தில் உட்கார்ந்தால் அடுப்பு தெரிகிறது, அடுப்படியில் நின்றால் தெருக்கதவு தெரிகிறது. சுவர் இருந்த இடத்தில் நீளமாக ஒரு கல் மேடை, அதைச் சுற்றிக் கொக்குக் கால் மாதிரி நெட்டை நெட்டையாக ஸ்டூல்கள். அதில் ஏறி உட்கார ஒரு ஏணி, இறங்க ஒரு ஏணி வேண்டும். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, வெள்ளைக் கல், வெள்ளைத் தரை. கதவு எங்கே ஆரம்பிக்கிறது, சுவர் எங்கே முடிகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. அடுப்பு மட்டும் கறுப்பு. அதுவும் வழுவழுவென்று ஒரு கண்ணாடிப் பலகை, திருகுகிற குமிழ் ஒன்றுகூட இல்லாமல்.

"எப்படிம்மா?" என்றான் மகன். முகமெல்லாம் பல்.

"அடுப்பை எப்படிடா பத்த வைக்கிறது?"

"தொட்டா போதும்மா. இங்க லேசா தொட்டு, அப்படியே விரலை இழுக்கணும்."

"குழாயில திருகற குமிழையே காணோமே?"

"கையைக் கிட்டக் கொண்டுபோனா தண்ணி தானா வரும். எதையும் பிடிக்கவே வேண்டாம். அதான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க."

எதையும் பிடிக்கவே வேண்டாமாம். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது குழாயை அல்ல, அவரை. என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து நேராக நடந்து, பழக்கத்தில் சமையலறை நிலைப்படியைப் பிடிக்கக் கையை நீட்டினார். நிலைப்படி இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தலையைக் கோதிக்கொண்டு, "பிரமாதமா இருக்குடா தம்பி" என்றார்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இது எனக்கும் அவருக்கும் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஓரப் பார்வை முழுவதும் போய்விட்டது, நடுவில் ஒரு சின்ன வட்டம் மிச்சம். அந்த வட்டத்திலும் வெள்ளைக்கு நடுவே இருக்கிற வெள்ளை தெரியாது, மங்கல் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் பஸ் ஓட்டியவர். வேலையை விட்டு வந்து இவ்வளவு காலம் ஆகியும் தெருவில் அவரை டிரைவர் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று, "பையனுக்கு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

"ஏன்? பெத்த பிள்ளைகிட்டச் சொல்லாம?"

"எங்கப்பாவுக்குக் கண்ணு போனப்ப அண்ணன்மாரெல்லாம் சேர்ந்து அவரை ஜன்னலோரமா ஒரு நாற்காலியில உட்கார வைச்சாங்க. தண்ணி கையில வரும், சாப்பாடு கையில வரும். பாசமாத்தான் பார்த்துக்கிட்டாங்க, குறை சொல்ல முடியாது. எதையும் தொட மட்டும் விடல. அந்த நாற்காலியிலயே ஆளு கரைஞ்சு போயிட்டாரு. இவனும் பாசக்காரப் பையன். தெரிஞ்சா என்னை உட்கார வைச்சுடுவான்."



அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் டீ போடுவது அவர் வேலை. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அதை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. பழைய அடுப்பின் குமிழைத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், எவ்வளவு தீ என்று அவர் விரலுக்குத் தெரியும். சர்க்கரை டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட், உப்பு டப்பாவில் இரண்டு. டீத்தூள் சதுர டப்பாவில். குளியலறையில் கதவிலிருந்து கடைசிவரை துண்டு போடுகிற கம்பி ஒன்று ஓடியது. பஸ்ஸில் நிற்கிறவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டே போய் வந்துவிடுவார்.

மிச்சத்துக்கு என் வாய் இருந்தது.

இந்தத் தெருவில் எனக்கு வாயாடி என்று பெயர். சும்மா வரவில்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது. ஆனால் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியதிலிருந்து நான் அவரைத் திட்டுகிற திட்டில் பாதி, திட்டே கிடையாது. "செருப்பை நடு வழியில கழட்டிப் போட்டிருக்கு பாருங்க, யாரைச் சொல்லி அழறது" என்றால் காலடியில் செருப்பு கிடக்கிறது என்று பொருள். "உங்க முழங்கைகிட்டக் கொதிக்கக் கொதிக்க ரசப் பாத்திரம், இடிச்சுக் கொட்டிக்காதீங்க, எத்தனை தடவை சொல்றது" என்றால் முழங்கையை மடக்கிக்கொள்வார். ஒரு கல்யாண வீட்டில் மேடைப் படி தெரியாமல் அவர் காலை எடுத்து வைக்கப்போனபோது, பதறிப்போய் நான் கத்தியதில் ஆரம்பித்தது இது. அன்று வீட்டுக்கு வந்து சிரித்தார். "நீ திட்டறது நல்லா வேலை செய்யுது. இப்படியே வைச்சுக்க. ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது."

வரவில்லை. டிரைவர் சார் பாவம், வீட்டில் ராட்சசி என்று தெரு முழுவதும் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் புதுச் சமையலறையில் என் திட்டும் எடுபடவில்லை. "அந்தக் கைப்பிடியைப் பிடிச்சு இழுங்க" என்று சொல்லக் கைப்பிடி எங்கே இருக்கிறது? டப்பாக்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, மூடி முதற்கொண்டு ஒன்றுபோலவே இருக்கிற வெள்ளை ஜாடிகளைத் திறந்த பலகையில் வரிசையாக அடுக்கியிருந்தான் மகன். அலமாரிக்குள் இருக்க வேண்டியதை வெளியில் வைத்துத் தூசி படியவிடுவது இப்போதைய நாகரிகமாம். வந்த மறுநாள் அவர் போட்ட டீயில் உப்புக் கரித்தது. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். அவரும் குடித்தார். பாதியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உப்பா?" என்றார்.

"கொஞ்சம்."

"நீ ஏன் திட்டல?"

அவரைத் திட்டாததற்கும் சேர்த்துத்தான் அன்று மகனைக் குளியலறையை வைத்து வறுத்தெடுத்தேன்.

குளியலறையைப் பற்றிக் கேட்காதீர்கள். கறுப்புச் சுவரில் கறுப்புக் குழாய். கழுவுகிற தொட்டியைப் பள்ளத்தில் பதிக்காமல், கஞ்சி வைக்கிற சட்டி மாதிரி மேடைமேல் தூக்கி வைத்திருந்தான். முகம் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து வயிற்றை நனைக்கும். துண்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டான். குளிக்கிற இடத்தை மறைக்க ஒரு கண்ணாடித் தடுப்பு, அதுவும் இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தக் கண்ணாடி. மறைப்பதற்கு வைக்கிற பொருளை எதற்குக் கண்ணாடியில் செய்ய வேண்டும் என்று நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். "இடம் பெருசா தெரியும்மா" என்றான். அந்தப் பெரிய இடத்துக்குள் நடந்து போய் அவர் நெற்றியை இடித்துக்கொண்டார். கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. பீரோக் கதவு இடித்துவிட்டதாக மகனிடம் அவரே சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கும் மகனுக்கும் போர். கண்ணாடித் தடுப்பின் மேல் நான் ஒரு சிவப்புத் துண்டைப் போடுவேன். அவன் வரும்போது அதை மடித்து உள்ளே வைத்துவிடுவான். ஜாடிகளுக்கு ரப்பர் பேண்ட் மாட்டுவேன். அவன் கழற்றிவிடுவான். கண்ணாடி அடுப்பில் எங்கே தொட வேண்டுமோ அங்கே, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைத் துண்டாக வெட்டி ஒட்டினேன். விரலால் தடவினால் தட்டுப்படும். அவர் இரண்டே நாளில் அதைப் பழகிக்கொண்டு மறுபடி நல்ல டீ போட்டார். நான் சந்தோஷத்தில் அவரைக் காரணமே இல்லாமல் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து, ஒரு கத்தியை எடுத்துப் பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், அதுல கையை வைச்சே, அவ்வளவுதான்!"

"அம்மா, இவ்வளவு அழகான அடுப்புல போய் பிளாஸ்திரி ஒட்டுவாங்களா? அடுப்புக்கு என்ன காயமா?"

"எனக்கு எங்க தொடறதுன்னு தெரியல. அதான் ஒட்டினேன்."

"அப்பாவுக்குத் தெரியுதே? அப்பா ஒரு குறை சொல்றாரா? உனக்கு மட்டும் எதுவுமே பிடிக்காது. அப்பா, நீங்களே சொல்லுங்க, இந்தச் சமையலறை நல்லா இருக்கா இல்லையா?"

கூடத்திலிருந்து அவர், "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குடா" என்றார்.

எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டார் மனுஷன். மகன் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன், இது நிஜமான திட்டு. "பிடிச்சிருக்காம்! நெத்தியில வீக்கம் இன்னும் வடியல. அவன்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்ன? இல்ல, நானே சொல்றேன்."

"சொன்னா நாற்காலிதான்."

"நான் இருக்கேன்ல. உட்கார விட்டுடுவேனா?"

"அவன் அழுவான். அழுதான்னா நீ விட்டுடுவே" என்றார். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இந்த நிலைமையில்தான் மகனுக்கு ஒரு பெரிய வேலை வருகிற மாதிரி இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் புது வீடு கட்டுகிறார்களாம். அவன் செய்த வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றார்களாம். எங்கள் வீட்டைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டான். அவர்கள் வருகிறபோதே ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்வானாம். அப்பா புதுச் சமையலறையில் டீ போட்டு விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும். வயதானவர்கள்கூடச் சுலபமாகப் புழங்குகிறார்கள் என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

அவருக்கு ஒரே குஷி. "போடறேன்டா, இது என்ன பெரிய வேலை" என்றார். மகன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்த நேரத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது."

"என்னடா?"

"வீடியோவுல சத்தமும் பதிவாகும். அப்பா ஒரு டம்ளரை எடுத்தாக்கூட நீ ஏதாவது சொல்லிட்டே இருக்கே. அதை வைக்காதீங்க, இதை இடிக்காதீங்கன்னு. சின்னப் பிள்ளையிலிருந்து பாக்கறேன், நீ கோவக்காரிதான். ஆனா இப்ப ரொம்ப மோசம்மா. அவர் மனுஷன் இல்லையா? வெளியாளுங்க முன்னாடி எனக்கு மானம் போகுது."

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடத்தில் அவர் இருமினார். அது சளி இருமல் இல்லை. நான் விழுங்கிக்கொண்டேன். "சரி, வாயைத் திறக்கல, போதுமா?" என்றேன்.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் முழுவதும் அவர் அந்தச் சமையலறையை மனப்பாடம் செய்தார். மேடையின் ஓரத்தை இடுப்பால் உரசியபடி நடந்து, குழாயிலிருந்து அடுப்புக்கு எத்தனை சாண் என்று கையை விரித்து விரித்து அளந்தார். ஜாடிகளை நான் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். இடது கோடியில் சர்க்கரை, அடுத்தது டீத்தூள், மூன்றாவது உப்பு. அடுப்பின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொட வேண்டும் என்று கட்டை விரலை வைத்துக் குறித்துக்கொண்டார். "பழைய ரூட்டுதான், ஸ்டாப்பைத்தான் மாத்தி வைச்சிருக்கான்" என்று சிரித்தார். ஒருமுறை முழுவதும் தானாகப் போட்டு எனக்குக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். கணவர் அதிகம் பேசாதவர். அந்த அம்மா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். குளியலறையிலிருந்து வெளியே வந்ததும், "இந்தக் கண்ணாடியை தினம் யாருங்க துடைக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அருமையான கேள்வி. என்னிடம் பதிலும் அருமையாக இருந்தது. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் ஊமை மாதிரிச் சிரித்துவைத்தேன்.

அவர் அவர்களோடு கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மகன் சமையலறையில் போனை ஒரு தாங்கியில் நிறுத்தினான். அதன் வழியாகப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு நடந்து போய்ச் சர்க்கரை ஜாடியை எடுத்து வலது கோடியில் வைத்தான். உப்பை இடது கோடிக்கு நகர்த்தினான். நடுவில் ஒரு பூச்சாடி. எது எதில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பார்க்க அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போதாதென்று மேல் விளக்கை அணைத்துவிட்டு, அலமாரிக்கு அடியில் ஒளிந்திருக்கிற மஞ்சள் விளக்கை மட்டும் போட்டான்.

"டேய்..." என்றேன்.

"அம்மா, ப்ளீஸ்" என்று விரலை உதட்டில் வைத்தான். போன் ஓட ஆரம்பித்துவிட்டது. "அப்பா, வாங்கப்பா!"

அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. இடுப்பால் மேடையை உரசிக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நின்றார். குழாய்க்குக் கீழே பாத்திரத்தைக் காட்டினார், தண்ணீர் வந்தது. "எங்கப்பாதான் தினமும் டீ போடுவாரு" என்று மகன் அவர்களிடம் பெருமையாகச் சொன்னான். பாத்திரத்தை அடுப்பின் பின்பக்கம் வைத்தார். கட்டை விரலால் ஓரத்தை அளந்து தொட்டு இழுத்தார். ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டுவிட்டது போல, எரிந்தது பின்பக்கத்து வட்டம் இல்லை. முன்பக்கத்து வட்டம். பாத்திரமே இல்லாத இடத்தில், கண்ணாடிக்கு அடியில் அது மெல்லச் சிவக்கத் தொடங்கியது. சிவப்பு தெரிகிற கண் என்னிடம்தான் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கை பலகைமேல் இடது கோடிக்குப் போனது. ஜாடியை எடுத்தார். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். நாக்கில் வைத்தார். அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார். பூச்சாடி தட்டுப்பட்டது. அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு கையாலும் தடவினார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் வரவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டார். கை இரண்டும் அந்தரத்தில் இருந்தன.

"ஏம்மா" என்றார். "ஏன் சத்தத்தையே காணோம்? ஏதாவது திட்டேன்."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மகனும் சிரித்தான். "பாத்தீங்களா? அம்மா திட்டாட்டி அப்பாவுக்குக் கை ஓடாது" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. பிடிக்க ஏதாவது கிடைக்காதா என்று அவர் இடது கை மேடையின் மேல் ஊர்ந்து வந்தது, சிவந்த வட்டத்தை நோக்கி.

"திட்டும்மா" என்றார் மறுபடி, குரல் இறங்கிப்போய். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

"கையை எடுங்க!" என்று கத்தினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்திருக்கும். "இடது கைக்குக் கீழ நெருப்பு! எடுங்கன்னு சொல்றேன்ல!"

வெடுக்கென்று கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். நான் பாய்ந்து போய் அடுப்பை அணைக்கப் பார்த்தேன். எனக்கும் எங்கே தொடுவது என்று தெரியவில்லை. கண்ட இடத்திலெல்லாம் அறைந்தேன். கடைசியில் மகன் வந்துதான் அணைத்தான்.

"என்னம்மா ஆச்சு? அப்பாவுக்கு என்ன?"

"உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதுடா! வாசப்படியில நீ நிக்கிறதுகூடக் குரலை வைச்சுத்தான் தெரியும். கைப்பிடியை எடுத்தே, கம்பியைப் பிடுங்கினே, ரப்பர் பேண்டைக் கழட்டினே, பிளாஸ்திரியைச் சுரண்டினே. மிச்சம் இருந்தது என் வாய் ஒண்ணுதான். அதையும் மூடச் சொன்னே! நான் அவரைத் திட்டினேன்னா நினைச்சே? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன்டா!"

அந்த அம்மா எழுந்து போய்ப் போனை அணைத்தாள்.

மகன் அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனான். பிறகு பக்கவாட்டில் நகர்த்தினான். அவர் கண் அதோடு போகவில்லை. அவனுக்கு உதடு கோணிக்கொண்டது. ஓடிப்போய் அந்த நெட்டை ஸ்டூல் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான்.

"உட்காருங்கப்பா. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். முதல்ல உட்காருங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலம் எந்த நாற்காலிக்குப் பயந்தாரோ, அது வந்து சேர்ந்துவிட்டது. அவர் உட்காரவும் தயாராகிவிட்டார். கையால் அந்த ஸ்டூலைத் தேட ஆரம்பித்தார்.

ஸ்டூலை ஒரு உதை விட்டேன். கூடம்வரை உருண்டு போய் விழுந்தது. என் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, அது பிறகுதான் தெரிந்தது.

"அவரை உட்காரச் சொன்னே, வீட்டை விட்டு வெளிய தள்ளிடுவேன்! அவருக்குக் கண்ணுதான் போச்சு. கை இருக்கு, கால் இருக்கு. டீ போட வந்தாரு, போட்டுட்டுத்தான் வருவாரு. இப்படி வந்து நில்லு!"

மகன் வந்து நின்றான். தேம்பிக்கொண்டிருந்தான். அவன் அழுதால் நான் விட்டுவிடுவேன் என்று சொன்னாரே, நான் விடவில்லை. வந்தவர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து, "நாங்க இன்னொரு நாள் வரோங்க" என்றார்கள்.

"உட்காருங்க" என்றார் அவர், அவர்கள் குரல் வந்த பக்கம் திரும்பி. "டீ குடிக்காம யாரும் போகக் கூடாது."

அவர்கள் உட்கார்ந்தார்கள். மகன் மேல் விளக்கைப் போட்டான். பாத்திரம் இருக்கிற வட்டத்துக்கு எங்கே தொட வேண்டுமோ அங்கே அவர் விரலைப் பிடித்துத் தொடவைத்தான். தண்ணீர் கொதித்தது. டீத்தூள் ஜாடியை நான் திட்டிக் கண்டுபிடிக்க வைத்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் சர்க்கரைக்காகக் கையை நீட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"அப்பா, அது... அந்தப் பக்கம்" என்றான் மகன், காற்றுமாதிரிக் குரலில்.

"எந்தப் பக்கம்? அந்தப் பக்கம்னா எனக்கு எப்படித் தெரியும்? சத்தமா சொல்லுடா. உங்கம்மா சொல்ற மாதிரி."

மகன் என்னைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பார்க்கறே?" என்றேன். "திட்டு."

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரேயடியாகக் கத்தினான். "சர்க்கரை வலது கோடியில இருக்கு! பூச்சாடியைத் தாண்டி, உங்க தோள் உயரத்துக்கு! அதை விட்டுட்டு உப்புகிட்டப் போய் நிக்கறீங்களே, எத்தனை தடவை சொல்றது!"

அவர் கை நேராகப் போய்ச் சர்க்கரை ஜாடியைப் பிடித்தது.